திறக்காதே என்றது பெட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு உபயோகச் சாதனத்தின் கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பத்திரிகைச் சம்பளத்துக்கு வெளியே வரும் இம்மாதிரி வேலைகளுக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'உள்ளே பயன்படுத்துவோர் பழுதுபார்க்கத்தக்க பாகங்கள் எவையும் இல்லை' என்று எழுதினேன். எழுதிய பிறகு சற்றுத் தயக்கம். இது தகவலா, எச்சரிக்கையா, கட்டளையா? ஆறு சொற்கள். காசை வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன்.

போன மாதம் அதே வாக்கியம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. இம்முறை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், என் கேமரா பேட்டரி சார்ஜரின் முதுகில். சார்ஜர் செத்துப்போயிருந்தது.

சாதாரண நாளாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அது புதன்கிழமை இரவு. தில்லியில் எங்கள் குடியிருப்பின் பின்வரிசையில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கணவர் மத்திய அரசு இலாகா ஒன்றில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அலுவலகத்தில் காதில் விழும் இந்திச் சொற்களை அன்றன்றே ஒரு நோட்டில் பென்சிலால் குறித்து, எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிவைப்பது அவர் வழக்கம். தமிழ் கிடைக்காத இடத்தில் கேள்விக்குறி. பதினொரு நோட்டுகள். எந்த அகராதிக் குழுவும் செய்யாத வேலை. என்னைப்போல மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு அது புதையல்.

மாமி புனேயில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். "ஞாயித்துக்கிழமை சாமானெல்லாம் ஏத்திடுவா. நோட்டை மட்டும் கேக்காதே, அது என்னோட வரும். படம் வேணா எடுத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை முழுநாளும் அதற்கென்று ஒதுக்கியிருந்தேன்.

கைபேசியில் எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். நாற்பது வருடப் பென்சில் எழுத்து, பழுப்பேறிய தாள். எழுத்து எது, தாளின் நார் எது என்று தெரியவில்லை. என் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதன் மேக்ரோ லென்ஸும் பக்கவாட்டில் ஒரு மேஜை விளக்கும் இருந்தால்தான் எழுத்து எழுந்து நிற்கிறது. கேமராவுக்கு இரண்டு பேட்டரிகள். இரண்டும் காலி.

புதிதாக வாங்கலாமே? அந்தச் சார்ஜரின் உற்பத்தி நின்று பல காலமாகிவிட்டது. சாந்தினி சௌக்கின் கூச்சா சௌதரி சந்தில் இருக்கும் கேமரா மார்க்கெட்டில் போலிச் சார்ஜர்கள் கிடைக்கும். போலி என்றால் விலை மட்டும் குறைவு என்று அர்த்தமில்லை. லித்தியம்-அயான் பேட்டரி கண்டிப்பான பேர்வழி. 1991ல் சோனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைச் சாத்தியமாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ட் வரை நிரப்பலாம், அதற்கு மேல் கூடாது. என் பேட்டரியில் இரண்டு செல்கள்; எனவே 8.4 வோல்ட் என்பது லட்சுமண ரேகை. நல்ல சார்ஜர் அந்த ரேகையில் நின்றுவிடும். மட்டமான சார்ஜர் தாண்டினால் பேட்டரி சூடேறும், உப்பும், சில சமயம் எரியும். தெரியாத புதியதைவிடத் தெரிந்த பழையதைச் சரிசெய்வது மேல் என்று தோன்றியது.

முதலில் திறக்காமலே செய்யக்கூடியவற்றைச் செய்தேன். இந்த வரிசை முக்கியம். 'சார்ஜர் போய்விட்டது' என்று தூக்கி எறியப்படுபவற்றில் பலவற்றுக்குச் சார்ஜரில் குறையே இருக்காது. பிளக் பாயிண்டை மாற்றினேன். பழைய டேப்ரிக்கார்டரின் மின்கம்பி இதற்கும் பொருந்தும்; அதைச் செருகிப் பார்த்தேன். பேட்டரியும் சார்ஜரும் தொட்டுக்கொள்ளும் செப்புத் தகடுகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். வியர்வையும் தூசும் சேர்ந்து அவற்றில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்தேன். 6.9 வோல்ட். காலி, ஆனால் உயிரோடு இருக்கிறது. ஐந்து வோல்டுக்கும் கீழே போயிருந்தால் நோயாளி சார்ஜர் அல்ல, பேட்டரி. அப்படி ஆழமாக வற்றிய பேட்டரியைப் பலவந்தமாக எழுப்பக் கூடாது. உப்பிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் திறக்கவோ குத்தவோ கூடாது. அதன் இடம் மின்னணுக் கழிவு வாங்குமிடம்.

இரண்டு பேட்டரிகளுக்கும் சார்ஜர் ஒரே பதிலைத்தான் சொன்னது. விளக்கு நொடிக்கு ஒருமுறை மங்கலாக மின்னியது. காதருகே வைத்தால் 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம். எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்து, மறுபடி எழ முயல்கிற கிழவரைப்போல.

வியாழக்கிழமை இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். திருகாணி எங்கே என்று தேடினால் அந்தப் பொடி எழுத்து ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. 'ஒன்றும் இல்லை' என்று சொன்ன வாக்கியம்தான் வாசல் கதவுக்கு மேலேயே ஒட்டப்பட்டிருந்தது.

உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தட்டு. அதன் குறுக்கே பாகங்களே இல்லாத ஒரு வெற்றுப் பாதை ஆறு மாதிரி ஓடுகிறது. அக்கரையில் வீட்டு மின்சாரம். இக்கரையில் பேட்டரிக்குப் போகும் சாதுவான மின்சாரம். மஞ்சள் நாடா சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு கரைக்கும் நடுவே பாலமாக உட்கார்ந்திருக்கிறது. இக்கரையில் விரல் நுனி அளவு உருளை ஒன்று. அதன் தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாகப் புடைத்திருந்தது. நோய் இதுதான் என்று எனக்கே தெரிந்தது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

அப்போது அதன் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் கெப்பாசிட்டர். அந்தச் சொல் எனக்கு எந்தப் படத்தையும் காட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ப் பெயர் மின்தேக்கி. தேக்கி என்றால் தேக்கிவைப்பது. மதகை மூடிய பிறகும் ஏரியில் தண்ணீர் இருக்கும் அல்லவா? அக்கரையில் இதைவிடப் பெரிய தேக்கி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கை தானாகப் பின்வாங்கியது.

மல்டிமீட்டரின் முனைகளை மட்டும் வைத்துப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் ஆகியும் 110 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோம். அது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். அந்த உச்சியைத்தான் அந்தத் தேக்கி பிடித்துவைக்கிறது. பிளக் வெளியே இருக்கிறது என்ற தைரியத்தில் தொடுபவனுக்கு அது பாடம் நடத்தும். கலைச்சொல்லைத் தமிழில் வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இனி என் விரலைக் காட்டுவேன்.

சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அதுல கை வைக்காதீங்க. ஒரு சார்ஜருக்காகவா?" நியாயமான கேள்வி. மூடியை வைத்து மூடிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட். ரேடியோ காலத்திலிருந்து மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன இடம். நாலடி அகலக் கடையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். புடைத்த தலையைப் பார்த்ததும் சிரித்தார். "மரம்மத் ஹோ ஜாயேகா" என்றார். சரியாகிவிடும்.

அந்த உருளைக்குள் அலுமினியத் தகடும் காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டு, நடுவே ஒரு திரவம் இருக்கும் என்று விளக்கினார். சூட்டில் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தோராயக் கணக்கு. தில்லியின் மே மாதத்தில், காற்றில்லாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள், எத்தனை வருடம் தாங்கும்? காய்ந்த தேக்கியால் மின்சாரத்தைச் சமன்படுத்த முடியாது. காவல் சிப் ஏதோ தப்பு என்று அணைத்துவிடும், மறுபடி முயலும், மறுபடி அணைக்கும். அதுதான் 'டிக்... டிக்...'

470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று பழையதில் எழுதியிருந்தது. அதே 470 உள்ள, 25 வோல்ட் தாங்கும் ஒன்றைக் கொடுத்தார். வோல்ட் அதிகமானால் பரவாயில்லை, குறையக் கூடாது. உடம்பில் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்; 85 டிகிரி ரகம் இந்த வேலைக்கு ஆகாது. விலை பத்து ரூபாய். நானே பற்றவைக்கிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூன்று விதிகள் சொன்னார்.

முதல் விதி: திறந்ததும் பெரிய தேக்கியைக் காலி செய். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது சினிமாத்தனம். ஹோல்டரில் மாட்டிய பழைய இழை பல்பின் இரண்டு கம்பிகளை அதன் கால்களில் தொடு. உலோகத்தில் விரல் படக் கூடாது. மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை எதையும் தொடாதே.

இரண்டாம் விதி: கோடு போட்ட பக்கம் எதிர்மின் பக்கம். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

மூன்றாம் விதி: முடித்ததும் நேராக மின்சாரத்தில் செருகாதே. அதே 60 வாட் பல்பை வழியில் தொடராக வைத்துச் செருகு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், சார்ஜர் பிழைக்கும். எல்லாம் சரியென்றால் பல்ப் கண்சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. "பழைய பல்பைத் தூக்கி எறியாதே, அதுதான் எங்கள் டாக்டர்" என்றார். நம் ஊர் டி.வி. மெக்கானிக் கடைகளிலும் மேஜைக்கு மேலே காரணமில்லாமல் ஒரு குண்டு பல்ப் தொங்கும். சின்ன வயதில் அது வெளிச்சத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு 25 வாட் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்தேன். பழையதைப் பிடுங்க இருபது நிமிடம், புதியதை வைக்க இரண்டு நிமிடம். கோட்டை மூன்றுமுறை சரிபார்த்தேன். அக்கரைப் பக்கம் போகவே இல்லை. மூடியை மாட்டித் திருகாணியை முடுக்கிய பிறகுதான் மின்சாரம். பல்ப் ஒருமுறை சிமிட்டி அணைந்தது. டிக் டிக் இல்லை. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகி, பேட்டரியை வைத்தேன். விளக்கு சிவப்பாக, அசையாமல் நின்றது.

முதல் சார்ஜின்போது சார்ஜரைத் துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத மொசைக் தரையில் வைத்து, இரண்டரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். பச்சை விளக்கு எரிந்ததும் அளந்தேன். 8.37 வோல்ட். ரேகைக்கு உள்ளேயே நின்றிருந்தது. 8.4ஐத் தாண்டியிருந்தால் சார்ஜரைக் குப்பையில் போட்டிருப்பேன். பெருமைக்காக வீட்டைக் கொளுத்திக்கொள்ள முடியாது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் சார்ஜரைத் திறக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் ரப்பரால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மெக்கானிக்கிடம் போவதே நல்லது. அந்தப் பொடி எழுத்து முழுப் பொய் அல்ல. உள்ளே 325 வோல்ட் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. 'உள்ளே ஆபத்து இருக்கிறது, தெரிந்தவரிடம் கொடு' என்று சொல்வது வேறு. 'உள்ளே உனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்வது வேறு. முதலாவது அக்கறை. இரண்டாவது, பத்து ரூபாய் பாகத்துக்காக முழுச் சாதனத்தையும் மறுபடி வாங்கு என்று சொல்லாமல் சொல்வது.

இந்த வித்தியாசத்தை அரசாங்கங்கள் இப்போதுதான் கவனிக்கின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஜூலை 2022ல் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளின் நிறுவனங்கள் கையேடு, உதிரிபாகம், உத்தரவாதம் பற்றிய விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஐரோப்பிய யூனியன் வேறு வழியில் போனது. அங்கே டிசம்பர் 2024 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசி, டேப்லட், டிஜிட்டல் கேமரா எல்லாவற்றுக்கும் யூ.எஸ்.பி.-சி துளை கட்டாயம். ஆளுக்கொரு சார்ஜர் தேட வேண்டாம், நல்லதுதான். ஆனால் சார்ஜ் செய்யும் வேலை கேமராவுக்கு உள்ளேயே போய்விட்டால், அந்தத் துளை பழுதானால் திறக்க வேண்டியது கேமராவையே. பழுது எங்கேயும் போவதில்லை, வீடுதான் மாறுகிறது.

சனிக்கிழமை காலை மாமி வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. ஜன்னலோரம் மேஜை, பக்கவாட்டில் விளக்கு, ஸ்டாண்டில் கேமரா. மாமியே பக்கம் புரட்டினார். கணவரின் கையெழுத்தை இத்தனை மணி நேரம் அவர் ஒரே மூச்சாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நடுநடுவே புரட்டாமல் நின்றுவிடுவார், நானும் காத்திருப்பேன். மாலை ஆறரைக்குப் பதினோராவது நோட்டு முடிந்தபோது இரண்டாவது பேட்டரியில் ஒரு கோடு மீதமிருந்தது.

ஏழாவது நோட்டில் ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியில் 'மரம்மத்'. எதிரே தமிழில் 'மராமத்து'. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'நம்மிடமும் உண்டு. குடிமராமத்து.'

மார்க்கெட்டில் மெக்கானிக் சொன்னபோது என் காதில் விழுந்தும் விழாத சொல். அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்து, தமிழ் கிராமத்து ஏரிக்கரையில் குடியேறிய சொல் அது. ஏரியும் வாய்க்காலும் யாருக்குத் தண்ணீர் தருகின்றனவோ அந்தக் குடிகளே ஆண்டுதோறும் தூர்வாரிக் கரையைச் செப்பனிடுவதுதான் குடிமராமத்து. சென்னை மாகாணத்தில் 1858ல் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே வந்தது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. சட்டத்தால் கட்டாயப்படுத்தியதில் கசப்பும் இருந்திருக்கும். ஆனால் பெயருக்குள் இருக்கும் எண்ணம் எளிமையானது: பயன்படுத்துகிறவன் பழுதும் பார்ப்பான்.

'பயன்படுத்துவோர் பழுதுபார்க்கத்தக்க' என்று நான் அன்று காசுக்காகக் கோத்த முரட்டுத் தொடருக்கு ஒரே சொல்லாக நல்ல தமிழ் ஏற்கெனவே இருந்திருக்கிறது. கையேட்டில் அதைப் போட்டிருந்தால் வாக்கியம் இப்படி ஆகியிருக்கும்: 'உள்ளே குடிமராமத்துக்கு இடமில்லை.' அப்படி எழுதியிருந்தால் அது தகவலா கட்டளையா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்காது.

ஞாயிறு காலை லாரி வந்தது. நோட்டுகளை மாமி தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். படங்களின் ஒரு பிரதியை மகனுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சார்ஜரின் முதுகில் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினேன். வோல்ட் அளவெல்லாம் அதில்தானே இருக்கிறது. அதன் ஓரத்தில் இடம் இருந்தது. 'மராமத்து' என்று எழுதிக் கீழே தேதி போட்டேன். பென்சிலால்தான்.